மேற்கு வென்டிலேட்டரில் நான் அடித்த ஆணி

மைசூரில் காற்றைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் ஊதுபத்தி மேஸ்திரிதான். அவரை ஒரே ஒரு பொய் சொல்லி எங்கள் விஜயநகர் பகுதியை விட்டு அனுப்பியவன் நான். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சிரிப்பு வருகிற இடங்கள் உண்டு. நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு அந்த உரிமை போய் வெகு நாளாகிறது.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர். கதவு, அலமாரி, திரைச்சட்டம், சுவர்ப்பலகை என்று வீட்டுக்குள் செய்கிற வேலை எல்லாம் செய்வார். தொண்ணூறுகளின் நடுவில் விஜயநகரில் திரும்பிய பக்கமெல்லாம் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மற்ற மேஸ்திரிகள் வந்ததும் அளவு டேப்பை எடுப்பார்கள். இவர் ஒரு கட்டு ஊதுபத்தியையும் மூன்று ஈரத் துண்டுகளையும் எடுப்பார்.

உள்வேலை முடியாமலே நாங்கள் குடிவந்திருந்த புது வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஹாலின் நடுவில் போய் உட்கார்ந்தார். ஊதுபத்தி கொளுத்தினார். கண்ணை இடுக்கிக்கொண்டு புகையையே பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து எழுந்து ஜன்னலோரம் போனார். அப்புறம் கதவு மூலை. அப்புறம் படுக்கையறை. என் மனைவி விசாலம், ஏதோ வாஸ்து பூஜை நடக்கிறது என்று நினைத்து ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். மேஸ்திரி மறுக்கவில்லை. புகையிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு பழத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

"சாமி யாருங்க?" என்று விசாலம் பயபக்தியோடு கேட்டாள்.

"சாமி இல்லீங்கம்மா, காத்து. உங்க வீட்டுல மேற்கால வந்து சமையக்கட்டு வழியாப் போவுது. நல்ல காத்து. தொந்தரவு பண்ணாம வெச்சுக்குங்க."

மூன்று அறையிலும் கயிறு கட்டித் துண்டுகளைத் தொங்கவிட்டார். எது எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பூசாத சுவரில் பென்சிலால் எழுதிவைத்தார். எதிர்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ப்ரொபசர் வீட்டில் மாந்திரீகம் நடக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் பால்காரர் எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

நான் பௌதிகம் கற்பித்தவன். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கணக்கிடும் பாடத்தை இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதே பாடம் என் வீட்டுக் கயிற்றில் துண்டாகத் தொங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு தச்சருடைய கிறுக்கு என்று நினைத்தேன்.

தேவராஜ மார்க்கெட் பக்கம் ஊதுபத்திக் கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊரே வாசனைக்காக ஊதுபத்தி வாங்குகிறது. இவர் மட்டும், "வாசனை பேடா, புகை மட்டும் நேராப் போற மாதிரி குடுங்க" என்று பாதிக் கன்னடத்தில் கேட்பார். கடையிலேயே ஒன்றைக் கொளுத்திப் பார்ப்பார். அதோடு நிற்கமாட்டார். "உங்க கடையில காத்தே இல்லீங்களே, எப்படி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, கல்லாவை எந்தப் பக்கம் தள்ளிப்போட வேண்டும் என்றும் சொல்வார். ஒரு கடைக்காரர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் பக்கத்துக் கடைக்குப் போகும்படி கேட்டுக்கொண்டாராம்.

எங்கள் தெருக்கோடி டாக்டர் ஒரு தோல் சோபா செய்யச் சொல்லியிருந்தார். மேற்குப் பார்த்த அறை. சித்திரை மாதம். மேஸ்திரி எங்கிருந்தோ ஒரு தோல் மெத்தையை இரவல் வாங்கி வந்து அதே இடத்தில் போட்டார். மதியம் மூன்று மணிக்கு டாக்டரைப் பனியனோடு அதில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் இருபதாவது நிமிடம் எழுந்தார். மெத்தையும் கூடவே எழுந்தது. பிரித்தெடுக்க மனைவியும் கம்பவுண்டரும் வேண்டியிருந்தது. மறுநாள் டாக்டர் பிரம்பு நாற்காலிக்குச் சம்மதித்தார். அன்றிலிருந்து தன்னிடம் வருகிற நோயாளிகளுக்கெல்லாம் மருந்துச் சீட்டோடு மேஸ்திரியையும் சிபாரிசு செய்தார்.

மேஸ்திரி செய்த வேலை எல்லாம் இப்படித்தான் இருக்கும். மழைச் சாரல் அடிக்கும் மேற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு. தரைக்குச் சிவப்பு ஆக்சைடு, மேலே ஒன்றும் விரிக்கக் கூடாது. ஜன்னலுக்கு மெல்லிய பருத்தித் திரை. கோடையில் மட்டும் வெட்டிவேர்த் தட்டி. "மைசூருக்கு அதிகமா ஒண்ணும் வேண்டாங்க. ரெண்டு மாசம் வெயிலை மறைக்கணும், மூணு மாசம் ஈரத்தை வெளிய அனுப்பணும். மிச்ச மாசம் சும்மா இருந்தாலே போதும். கொத்தாய்த்தா?" என்பார். புரிந்ததா என்பதைக் கன்னடத்தில்தான் கேட்பார். தமிழில் கேட்டால் யாருக்கும் உறைப்பதில்லையாம்.

எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் என் கையில் ஒரு புகைப்படம் இருந்தது.

கனடாவில் இருக்கும் என் தம்பி தன் வீட்டு ஹாலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். சுவருக்குச் சுவர் திராட்சை நிறத்தில் கம்பளம். கனத்த வெல்வெட் திரை. ஒரு முழுச் சுவருக்கும் பலகை. மற்ற சுவர்களில் ரோஜாப்பூக் காகிதம். கல்லூரி ஆசிரியர் அறையில் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டி, என் வீடும் இப்படித்தான் இருக்கப் போகிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியவில்லை. உண்மையில் அவ்வளவுதான் காரணம்.

மேஸ்திரி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். படத்திலிருந்த ஜன்னல் மேல் விரலை வைத்தார்.

"சாமி, இந்த ஜன்னலுக்கு வெளிய வெள்ளையாக் கெடக்குதே, அது என்னுங்க?"

"பனி."

"அதையும் நாமளே போடணுங்களா?"

விசாலம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த இடத்தில் நான் சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பதிலாக, படத்தில் இருப்பது போலவே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பலகை போடவேண்டிய சுவரோ மேற்குச் சுவர். அதில் ஜன்னலுக்கு மேலே இரண்டு வென்டிலேட்டர்கள். அவற்றையும் மூடிவிடச் சொன்னேன்.

மூன்று நாள் மறுத்தார். வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பாதி வேலையில் வீட்டை விட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. நாலாம் நாள் பலகையைத் தூக்கி வென்டிலேட்டர் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

அது அவருடைய வழக்கம். காற்றை மறிக்கிற எந்த வேலைக்கும் முதல் ஆணியை வீட்டுக்காரர்தான் அடிக்க வேண்டும். மிச்சத்தை அவர் அடிப்பார்.

"என் கையால மொத ஆணி அடிக்க மாட்டேனுங்க சாமி. காத்து கேட்டா நான் பதில் சொல்லணும்."

ஏணியில் ஏறினேன். வாழ்நாளில் சாக்பீஸைத் தவிர எதையும் பிடித்தறியாத கை. ஆணி பாதி போய்க் கொக்கி மாதிரி வளைந்தது. மேலும் நாலு தட்டுத் தட்டி அதை அப்படியே பலகையோடு படுக்கவைத்தேன். "இருக்கட்டுங்க. அடையாளத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மீதி ஆணிகளை அவர் அடித்தார். ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது.

நான்கு மாதம் எங்கள் ஹால் கனடாவாக இருந்தது. கல்லூரி நண்பர்கள் வந்து கம்பளத்தில் கால் வைக்கக் கூசினார்கள். ஜூன் பிறந்தது. மேற்கிலிருந்து சாரல் ஆரம்பித்தது. பலகைக்குப் பின்னால் சுவர் நனைந்தது. நனைந்தது காய வழியில்லை. ரோஜாக்கள் ஓரத்திலிருந்து சுருண்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கம்பளம் நாலு நாள் வெளுக்காத கம்பளிச் சட்டை மாதிரி நாறியது. ஜூலையில் சோபாவுக்கு அடியில், திராட்சை நிறக் கம்பளத்தின் நடுவே, வெள்ளைக் குடை பிடித்துக்கொண்டு ஒரு காளான் நின்றது. விசாலம் அதைப் பார்த்து, "பனி கேட்டீங்களே, வந்திருக்கு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அந்த மழைக்காலம் முழுவதும் அவளுக்கு இழுப்பு. அதுவரை அவளுக்கு அப்படி ஒன்று வந்ததில்லை.

அப்போதாவது நான் பலகையைப் பிரித்திருக்க வேண்டும். காளானை மட்டும் பிடுங்கிப் போட்டேன்.

இதே சமயத்தில்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு சமுதாயக் கூடம் கட்டிக்கொண்டிருந்தது. அதன் உள்வேலை முழுவதையும் மேஸ்திரிக்குக் கொடுக்கலாம் என்று டாக்டர் எல்லோரையும் சம்மதிக்கவைத்திருந்தார். மேஸ்திரி தினமும் சாயங்காலம் பூச்சு வேலை முடியாத அந்தக் கூடத்தில் ஊதுபத்தியோடு நடந்துகொண்டிருப்பார். முந்நூறு பேர் உட்கார்ந்தாலும் ஒருவர் விசிறி கேட்காத கூடமாகச் செய்து காட்டுவதாக டாக்டரிடம் சொன்னாராம். அவருடைய ஆசை அதுதான். பிறர் படத்தைப் பார்க்காமல், காற்றை மட்டும் பார்த்து ஒரு கட்டடம் செய்ய அவருக்கு முதல் தடவையாக வாய்ப்பு வந்திருந்தது.

முடிவு செய்வதற்கு முன் அவர் வேலை செய்த ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் சங்கத் தலைவர் பசவராஜப்பா. நீர் வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது என் வீடு.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மேஸ்திரி வந்தார். உள்ளே வரும்போதே மூக்கால் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

"நாளைக்கு அவங்க வந்து கேட்டா உள்ளதைச் சொல்லுங்க சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் சொல்வதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் நாலு பேர் வந்தார்கள், டாக்டரும் அதில் ஒருவர். பசவராஜப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் கால் வைத்தார். காலை எடுத்தார். உள்ளங்காலைத் தொட்டு முகர்ந்தார். மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வென்டிலேட்டரை மூடியது யார், அடிப்படைப் பௌதிகம் தெரியாத எந்த முட்டாள் செய்த வேலை இது என்று கேட்டார்.

பௌதிகத்துக்குப் பதிலாக அவர் வேறு எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று இன்றும் யோசிக்கிறேன். அது வெறும் சமாதானம் என்று எனக்கே தெரியும்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். மேஸ்திரிதான் கேக்கல" என்றேன்.

சமையலறையில் காப்பி ஆற்றுகிற சத்தம் நின்றது. டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. விசாலம் காப்பி கொண்டுவரவே இல்லை. நானே போய் எடுத்துவந்து கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

கூடம் வேறு ஒருவருக்குப் போனது. பசவராஜப்பா நல்ல மனிதர், ஆனால் மறைத்துப் பேசத் தெரியாதவர். வென்டிலேட்டரை மூடிய மேஸ்திரி என்று பத்துப் பேரிடம் சொன்னார். காற்றுக்கென்றே வாழ்ந்த மனிதருக்கு அந்தப் பெயர். பேசிவைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அவரை வரவேண்டாம் என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"பின்னால என் ஏணி கெடக்குதுங்க சார். எடுத்துக்கறேன்."

அதுவரை அவர் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

கூடத்தைக் கட்டி முடித்தார்கள். பொய்க்கூரை, கண்ணாடி, மேடைக்குக் கம்பளம். வேலை இழுத்து, திறப்பு விழா இரண்டாம் வருடம் ஏப்ரலில்தான். சிறப்பு விருந்தினர் போட்டிருந்த மாலை அவர் பேச ஆரம்பிப்பதற்குள் வாடிவிட்டது. அவரும் மூன்றாவது நிமிடம் வாழ்த்திவிட்டு உட்கார்ந்தார். முந்நூறு பேர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். அந்தச் சத்தம் ஒரு புறாக்கூட்டம் எழும்புவது மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விசாலம் மட்டும் விசிறிக்கொள்ளவில்லை. அழைப்பிதழை மடியில் வைத்துக்கொண்டு, "அவர் பண்ணியிருந்தா எப்படி இருந்திருக்கும்" என்றாள். ஒன்றே முக்கால் வருடத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டேன். அதே கூடம். எழுந்து நின்று, வென்டிலேட்டரை மூடச் சொன்னது நான், முதல் ஆணி அடித்தது நான், மேஸ்திரி மூன்று நாள் மறுத்தார், உங்களிடம் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். கன்னடத்தில் எழுதி ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவருடைய பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோதுதான் எனக்கு அது தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. ஊதுபத்தி மேஸ்திரி என்றே சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த விஷயம் தெருநாய் என்றார். டாக்டர் எழுந்து வெளியே போனார். அதன் பிறகு என்னோடு பேசியதில்லை. கூட்டம் கலைந்ததும் பசவராஜப்பா என்னிடம் வந்து, இதை ஏன் இப்போது சொன்னீர்கள், எல்லோரும் மறந்துவிட்டார்களே என்றார். மறந்ததால்தான் சொன்னேன் என்றேன். கூட்டக் குறிப்பில் அதை ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று கெஞ்சினேன். எழுதினார்கள். அந்த ஒரு வரிக்கு நகல் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். அங்கேதான் இருக்கிறார் என்று ஊதுபத்திக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

ஒரு தோட்டத்தில் மாட்டுக்கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார். சாணக் குவியலில் ஊதுபத்தி செருகியிருந்தது. ஒரு எருமை புகையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"மாடுங்க தேவலைங்க. யாரும் அதுகளுக்குப் படம் அனுப்பறதில்ல."

காகிதத்தை நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவர். இரண்டு தடவை படித்தார். கையைத் துடைத்துக்கொண்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் குனிந்து, சாணத்தில் சாய்ந்திருந்த ஊதுபத்தியை நேராக்கினார். கூடத்தில் ஜன்னல்களை மாற்றி அமைக்கத் தலைவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"வேண்டாங்க. அது வேற ஆளு கட்டுன கட்டடம். நான் கட்டணும்னு நெனச்சது எனக்குள்ளயே இருக்குது, இருந்துட்டுப் போவட்டும்." கொட்டகைக் கூரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்குதுங்க?"

இழுப்பு விடவில்லை என்றேன்.

"பலகை இன்னும் அப்படியேதான் இருக்குதா?"

தலையை ஆட்டினேன். மூன்று வருடம். அவரிடம் சொல்லாமல் பிரிக்கக் கூசியது என்று ஏதோ உளறினேன். அவர் முதல்முறையாகக் கோபப்பட்டார். "அதுக்காக ஒரு மனுசியை மூச்சு முட்ட வெப்பீங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணியோடு வந்தார். விசாலம் வாசலுக்கே ஓடிப்போய், "வாங்க மேஸ்திரி" என்றாள். தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்தாள். சாப்பிட்டார். பலகையைப் பிரிக்க ஆரம்பித்தார். நேரான ஆணிகள் எல்லாம் சத்தமில்லாமல் வந்தன. வளைந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. ஏணியிலிருந்து இறங்கி, ஆணி பிடுங்கும் கம்பியை என்னிடம் நீட்டினார்.

"உங்க ஆணி சார். நீங்கதான் எடுக்கணும்."

அடிப்பதற்கு ஆனதைவிட எடுப்பதற்கு அதிக நேரம் ஆனது. பலகையில் பாதி பிய்ந்துகொண்டு வந்தது. அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வென்டிலேட்டர் திறந்ததும் முகத்தில் சில்லென்று அடித்தது. கம்பளத்தைச் சுருட்டி வெளியே எறிந்தோம். அடியில் அவர் முன்பு இழைத்த சிவப்புத் தரை அப்படியே இருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பருத்தித் திரை போட்டு, நாலு நாளில் முடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்காலத்தில் விசாலத்துக்கு இழுப்பு பாதியாகக் குறைந்தது. முழுதாக விடவில்லை.

பிறகு விஜயநகரில் அவர் வேறு யாருக்கும் வேலை செய்யவில்லை. இரண்டு பேர் கேட்டும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும், சாரல் தொடங்கிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வருவார். ஊதுபத்தி கொளுத்தி எல்லா அறைக்குள்ளும் போவார். அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். விசாலத்தோடு பேசுவார். என்னிடம் இரண்டு வார்த்தை, அதுவும் சார் போட்டு. அப்படி மூன்று வருடம் வந்தார். பிறகு வரவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விசாரித்தேன். மகள் வீட்டோடு போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். இவ்வளவு செய்துவிட்டு அவரிடம் பெயரைக் கேட்க எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. பெயர் தெரியாத மனிதரை எங்கே போய்த் தேடுவது?

இப்போது ஜூன் பிறந்தால் நானே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மேற்கு ஜன்னலோரம் நிற்கிறேன். புகை ஹாலைக் கடந்து சமையலறைக்குள் போகிறது. விசாலம் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "மேஸ்திரி வந்துட்டாரா?" என்று கேட்கிறாள்.

"இல்ல, நான்தான்" என்கிறேன். ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.